ஷட்டர் அக்கா

முதலில் என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அந்த அக்காவின் முகத்தைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

டவுன் பஸ்ஸின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்தப் பலகைதான் என் முகம். உள்ளே என்ன ஏறியிருக்கிறதோ அது வெளியே ஓடும். சீட்டு விளையாட நண்பர்கள் என்னைச் சேர்ப்பதில்லை. ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறதாம். என் மனைவி குழம்பு வைத்தால் உப்புப் பார்ப்பதில்லை. ஒரு கரண்டி என் கையில் ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். புளி தூக்கல், உப்புக் குறைவு, மிளகாய் பரவாயில்லை என்று வரிசையாக ஓடிவிடும்.

இப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்த வேலையைத்தான் சொல்ல வேண்டும். பி.எட். படிக்கும்போது எங்கள் கல்லூரிக்கு ஒரு கணக்கெடுப்பு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளில் யார் யாருக்குப் பள்ளிக்கூடத்தில் பேர் இருக்கிறது, பேர் இருக்கிறவர்களில் யாருக்கு வாசிக்கவும் கழித்தல் கணக்குப் போடவும் வருகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். மத்தியானச் சாப்பாடும் முடிவில் ஒரு சான்றிதழும் உண்டு என்றார்கள். நான் சாப்பாட்டுக்காகச் சேர்ந்தேன். சான்றிதழை எங்கே வைத்தேன் என்று இப்போது தெரியவில்லை. அந்தச் சாம்பார் சாதம் ஞாபகம் இருக்கிறது.

வேலை எளிது. கையில் ஒரே ஒரு தாள். அதில் கொஞ்சம் எழுத்துகள், கொஞ்சம் சொற்கள், நாலு வரிப் பத்தி ஒன்று, கொஞ்சம் நீளமாக ஒரு கதை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். வாசித்துவிட்டால் கதைக்கு ஏறலாம். திணறினால் சொல்லுக்கு இறங்கலாம். அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு எழுந்துவிடலாம். சொல்லிக்கொடுக்கக் கூடாது, சரி தப்பு சொல்லக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. இதில் கெடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

பயிற்சிக்காக எங்களைச் சாயர்புரம் பக்கம் ஒரு ஊரில் இறக்கிவிட்டார்கள். ஒரே பிள்ளைகளை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். எனக்கு வாய்த்த இன்னொருவர் அந்த அக்கா. நாசரேத்துக்காரர். கல்யாணம் முடிந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு பி.எட். படிக்க வந்தவர். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை, மடக்குக் குடை, தோளில் ஜோல்னாப் பை. மற்றதெல்லாம் எல்லோரையும் போலத்தான். முகம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு. ஷட்டர் இறங்கியிருக்கும். உள்ளே சரக்கு இருக்கிறதா, கடை காலியா, முதலாளி ஊரில் இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் ஒப்பிட்டார்கள். என் தாளில் ஊர் முழுக்க மேதைகள். அவர் தாளில் பிள்ளைகள்.

பயிற்சி கொடுத்தவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் டீக்கடையில் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதிவிட்டேன் என்ற முடிவு இருந்தது. அக்காதான் குறுக்கே வந்தார்.

"சார், இவரு பொய்யா ஒண்ணும் எழுதல. பிள்ளைங்க இவருகிட்ட வாசிச்சிருக்கு."

"அப்ப ஒங்ககிட்ட ஏன் வாசிக்கல?"

"எங்கிட்ட தாள வாசிக்கணும் சார். இவருகிட்ட இவர வாசிச்சிருக்கு."

யாருக்கும் புரியவில்லை. எனக்கு சுத்தமாகப் புரியவில்லை. அக்கா பக்கத்து வீட்டில் அரிசி புடைக்கிற சுளகு ஒன்றை வாங்கிவந்தார். என்னிடம் கதையைக் கடகடவென்று வாசித்த ஒரு வாண்டைக் கூப்பிட்டு, மறுபடி என் முன்னால் உட்கார வைத்து, சுளகை என் முகத்துக்கு நேரே பிடித்தார். வாண்டு தாளைப் பார்த்தது, சுளகைப் பார்த்தது, தலையைச் சாய்த்துச் சுளகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. பிறகு ரொம்ப நியாயமாக ஒரு புகார் வைத்தது.

"சார் வாயி தெரியல."

என்ன நடந்திருக்கிறதென்றால், பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் என் புருவம் பதறி மேலே போகும். சரியான எழுத்தில் ஆரம்பித்தால் பல் தெரியும். அதற்குள் என் உதடு எனக்கே தெரியாமல் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லி முடித்துவிடும். வாண்டுகளுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு நாள் முழுக்க நான் பிள்ளைகளைச் சோதிக்கவில்லை, ஊமைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காத ஒரே ஆள் சுளகைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஜோடி சேர்த்தபோது என்னையும் அவரையும் ஒன்றாகப் போட்டார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் ஒரு மனுச முகம் வரும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 'ஷட்டர் அக்கா' என்று நான் வைத்த பெயர் அன்று மத்தியானமே அவர் காதுக்குப் போய்விட்டது. கோபமா, சிரிப்பா என்று பார்த்தேன். எங்கே பார்ப்பது?

ஆதார் அட்டையில் நம்மில் யாருமே நம்மைப் போல இருப்பதில்லை. எனக்குத் தெரிந்து ஆதார் அட்டையில் அச்சாகத் தன்னைப் போலவே இருந்த ஒரே மனிதர் அவர்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் அவர் இலை முன்னால் வந்து தயங்குவார்கள். போதும் என்கிறாரா, இன்னும் என்கிறாரா என்று தெரியாமல் வாளியோடு நிற்பார்கள். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். காலையில் பைக்கில் கொண்டுவந்து விடுவார். பொன்னான மனிதர். ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் மனம் திறந்தார்.

"பொண்ணு பாக்கப் போனன்னைக்கி 'மாப்பிள்ளைய பிடிச்சிருக்கா'ன்னு எல்லாரும் கேட்டாவ. இவ 'சரி'ன்னா. அது பிடிச்சிருக்குன்னு சரியா, கேள்வி வெளங்கிச்சின்னு சரியான்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது தம்பி."

அந்தச் 'சரி'தான் அவருடைய முக்கியமான சொல். பிள்ளை சரியாக வாசித்தாலும் 'சரி'. தப்பாக வாசித்தாலும் 'சரி'. வாசிக்காமல் அழுதாலும் அதே ஏற்ற இறக்கத்தில் 'சரி'. அதற்கு நிறமே கிடையாது. நான் அதைப் பழகிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று நிறமில்லாமல் 'சரி' சொல்ல முயன்றேன். அம்மா வந்து வயிறு சரியில்லையா என்று கேட்டார்.

"மூச்சக்கூட ஒரே சீரா விடணும் தம்பி. நீரு மூச்ச இழுத்தா பிள்ள தெரிஞ்சிக்கிடும்" என்பார் அக்கா.

"இப்படி இருந்தா பிள்ளைங்க பயந்துராதா அக்கா?"

"பாரும்."

பார்த்தேன். அவர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் பயப்படவில்லை. ஒரு சொல்லில் தட்டினால் வழக்கம்போலத் தலையைத் தூக்கி அவர் முகத்தில் தேடும். கொஞ்ச நேரம் தேடும். அங்கே ஒன்றும் கிடைக்காது. வேறு போக்கிடம் இல்லாமல் பார்வை மறுபடி தாளுக்கே வரும். வந்த பிறகுதான் வாசிப்பு தொடங்கும், வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு.

இந்த முகம் எங்கே செய்தது என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேவிட்டேன். அவர் அப்பா வாத்தியார். ஐந்தாம் வகுப்பில் அப்பாவின் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே படித்துவிட்டதால் எல்லாக் கேள்விக்கும் இவருக்குப் பதில் தெரியும்.

"அப்பா எவங்கிட்டயாவது கேள்வி கேப்பாரு. அவன் அப்பாவப் பாக்க மாட்டான், என்னயப் பாப்பான். என் கண்ணு விரிஞ்சா பதில் சரி. நான் உதட்டக் கடிச்சா மாத்திச் சொல்லுவான். வகுப்புப் பூரா என் மூஞ்சிய வச்சே பாஸாயிட்டு இருந்தானுவ. அப்பா கண்டுபிடிச்சிட்டாரு. 'ஏளா, இனிமே ஒம் மூஞ்சியில எதாவது தெரிஞ்சா ஒன்ன வேற ஸ்கூல்ல போட்டுருவேன்'னாரு. அன்னைக்கி இறக்குனது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வருத்தமா பெருமையா என்று அவர் முகத்தில் பார்த்தேன். பார்த்தால் தெரியுமா?

அந்த ஷட்டர் அசையாமல் நின்ற இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் நடந்தது. சில வீடுகளைத் தள்ளித் தள்ளித்தான் கணக்கெடுப்போம். எந்த வீடு என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, முறை வந்த வீடுதான். ஆனால் அதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது, யாரோ வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு போகிறார்கள் என்று. மானப் பிரச்சினை. முதல் வீட்டில் ஒரு சுட்டிப் பெண் கணீரென்று கதையை வாசித்தாள். அடுத்த வீட்டிலும் ஒரு சுட்டிப் பெண் கணீரென்று வாசித்தாள். 'என்ன ஊர் இது!' என்று என் முகத்தில் மாவிளக்கு எரிந்தது. அதற்கடுத்த வீட்டில் உட்கார்ந்ததும் அக்கா தாளை நீட்டவில்லை. அதே குரலில் கேட்டார்.

"இந்த வீட்டுல ஒம் பேரு என்னம்மா?"

அந்தப் பெண்ணைத் தெருவே இரவல் வாங்கிக்கொண்டிருந்தது. ரிப்பன் மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது. எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க, அக்கா சொன்னார்: "சரி. இவ நல்லா வாசிக்கா. ஒங்க பிள்ளையக் கூப்புடுங்க. அவன் எப்படி வாசிச்சாலும் நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என்னயப் பாத்தா சொல்லுத ஆளாவா தெரியுது?" கட்டிலுக்கு அடியிலிருந்து பையன் வந்தான்.

இப்போது அவர் சாத்தான்குளம் பக்கம் டீச்சராக இருக்கிறார். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள், தங்கள் பிள்ளை தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ளாமலே டீ, வடை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேள்வி. அவருடைய வாட்ஸப் படத்தில் பின்னால் மலை இருக்கிறது, முன்னால் அவர் இருக்கிறார். இரண்டில் மலை கொஞ்சம் சிரித்த மாதிரி இருக்கும்.

நான் சொல்ல வந்தது கீழவைப்பார்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் நடந்ததை.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். காலைப் பூசை முடிந்து ஊரே வீட்டில் இருக்கும். எங்களுக்கு அதுதான் தோதான நாள். முறை வந்த வீடு ஒரு மீன்காரம்மாவுடையது. கரையில் ஏலம் எடுத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் விற்கிறவர். அகலமான ஆள், அதைவிட அகலமான குரல்.

"வாங்க, இருங்க. எனக்கு ஒத்தப் பொட்டப்புள்ள. எட்டாங்கிளாஸு."

"பள்ளிக்கூடம் ஒழுங்காப் போறாளாம்மா?" என்று நான் கேட்டேன்.

"போறா. வாரா. நடுவுல என்ன நடக்குன்னுதான் தெரியல."

கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். கையும் காலும் ஆளைவிட வேகமாக வளர்ந்துவிட்ட வயது. எங்கள் கையில் இருந்த தாளை, தடுப்பூசியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன்காரம்மா முக்காலியை இழுத்துப்போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இங்கன பாருங்க டீச்சர். எனக்கு எழுத்து தெரியாது. ஆளு தெரியும். ஏலத்துல நிக்கிற யாவாரி மூக்கு விடைச்சா இன்னும் ஏத்துவான். கண்ணு சுருங்குனா கைய விட்டுருவான். அத வச்சுத்தான் இத்தன வருசம் கஞ்சி குடிக்கேன். நீங்க இவள வாசிக்க வைங்க, நான் ஒங்க மொகத்தப் பாத்துக்கிடுதேன். படிப்பு வரும்னா அனுப்புதேன். வராதுன்னா சும்மா எதுக்குப் பஸ்ஸு ஏறி இறங்கணும்? எங்க மதினி எறா கம்பெனில நிக்கா. நாளைக்கே எறால் உரிக்கக் கொண்டு விட்டுருதேன்."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் போனாள்.

எங்கள் தாள் ஒரு பிள்ளையின் தலையெழுத்தைப் பார்க்கிற தாள் இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மீன்காரம்மா நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, இவன் பதறுகிறான் என்று குறித்துக்கொண்டார்.

அக்கா பெண்ணைக் கூப்பிட்டுப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பத்தியைக் கொடுத்தார். பத்தி அப்படியே இருந்தது. சொற்களுக்கு இறங்கினார். 'பால்' என்றாள். 'மயில்' என்று இருந்ததை 'மலை' என்றாள். பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு. என் கன்னங்களுக்குள் ஏதோ கிளம்பி வருவது எனக்கே தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் பலகையில் ஓடிவிடும்.

அக்கா திரும்பாமலே சொன்னார்: "தம்பி, பின்னால கோழிக்கூடு இருக்கு. அது வீட்டுக் கணக்குல சேருமான்னு பாத்துட்டு வாரும்."

கோழிக்கூடு எந்தக் கணக்கிலும் சேராது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வெடக்கோழி என்னைப் பார்த்தது; எல்லாம் புரிந்துவிட்டதுபோலத் தலையைத் தொங்கப்போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் காதால் கேட்டேன்.

எழுத்துகளுக்கு இறங்கினார்கள். அதைச் சொன்னாள், சிலதைத் தடவித் தடவி. அக்காவின் 'சரி' விழுந்தது. பிறகு மீன்காரம்மாவின் குரல், பேரம் பேசுகிற குரல்.

"என்ன வெல டீச்சர்?"

"நான் வெல சொல்ல வரல."

"சும்மா சொல்லுங்க. நல்ல சரக்கா, கழிவா?"

"நான் அளக்க வந்தவ. விக்கவும் வரல, வாங்கவும் வரல."

மீன்காரம்மா விடவில்லை. 'இவ மக்குதான், எனக்குத் தெரியும்' என்று ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தார். 'ஆனா பாட்டெல்லாம் ஒருதரம் கேட்டாப் பாடிருவா, கெட்டிக்காரி' என்று மறுபக்கம் போட்டார். காப்பி வேண்டுமா என்றார். 'இந்த முழி முழிக்கிறீயளே, ஒங்களுக்குப் படிப்பு வருமா?' என்று வம்புக்கு இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் நிறமில்லாத ஒரு 'சரி' மட்டும் கேட்டது. வெயில் ஏறியது. கோழி தூங்கிவிட்டது.

கடைசியில் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம்.

"மாதாவே! கரையில எத்தன கள்ளப் பயலப் பாத்திருக்கேன், இப்படி ஒரு மொகத்தப் பாத்ததே இல்ல." முக்காலி நகர்ந்தது. "எங்க தொழில்ல ஒண்ணு சொல்லுவோம் டீச்சர். மொகம் பிடிபடாத யாவாரி நிக்கும்போது சரக்கத் தள்ளிவிடப்பிடாது. ஐஸப் போட்டு மூடி வச்சிரணும். சரி, இவ போவட்டும் பள்ளிக்கூடத்துக்கு. ஆனா ஐஸுக்கும் ஒரு கெடு உண்டு. அடுத்தாப்புல ஒம்போதாங்கிளாஸுக்கு முந்தி நான் மறுபடி கேப்பேன்."

பஸ்ஸில் திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அந்தம்மா அப்படிக் குடையும்போது உள்ள என்ன நெனச்சிய?"

"ஈரக்கொல நடுங்கிட்டு தம்பி. என் மொகம் தப்பா ஒண்ணு காட்டுனா அந்தப் பிள்ள நாளைக்கி எறா உரிக்கணும். பெஞ்சுக்கு அடியில ரெண்டு காலையும் பின்னி வச்சிருந்தேன். இன்னும் வலிக்கி."

இதையும் அதே முகத்தோடுதான் சொன்னார். நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன். அவருடைய முகம் அங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார். "இந்த மொகத்த வச்சுக்கிட்டு அளக்கத்தான் முடியும். சொல்லிக்குடுக்கதுக்கு உம்ம மொகந்தான் லாயக்கு. சரின்னா சரின்னு தெரியணும்லா ஒரு பிள்ளைக்கு? ஞாயித்துக்கிழம உமக்கு என்ன சோலி?"

எனக்கு எந்த நாளுமே சோலி கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறுகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுத்தது என் முகம், நான் அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய்வந்தேன். அந்தப் பெண் முதலில் என் உதட்டைப் பார்த்தே வாசித்தாள். கொஞ்சம் பிடிபட்டதும் அவர்கள் வீட்டுச் சுளகை எடுத்து என் தாடைவரை பிடித்துக்கொண்டேன். பிறகு வாய்வரை. தவக்காலம் வந்தபோது மூக்கு மறைந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு நெற்றி மட்டும்தான் வெளியே தெரிந்தது. 'சார், நெத்தி சுருங்குது, அப்ப இது தப்பா?' என்றாள். நெற்றியையும் மறைத்தேன். பூசைக்குப் போய்விட்டு வருகிறவர்கள், ஒரு வாலிபன் வாசலில் சுளகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வேண்டுதல் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள். கூலியாக ஓலைப்பெட்டியில் சாளை மீன் வரும். எங்கள் தெருப் பூனைகள் என்னை மதிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகும் சமயம் மீன்காரம்மா கெடுவை ஞாபகப்படுத்தினார்.

"வாசிக்காம்மா! நல்லா வாசிக்கா!" என்றேன் நான். முகத்தில் ஊர்ப்பெயரெல்லாம் ஓடியது.

"உம்ம மொகத்த வச்சு நான் என்ன செய்ய வாத்தியாரே? உமக்கு மலிவுச் சாளையும் வெல கூடுன சீலாவும் ஒண்ணுதான். எதப் பாத்தாலும் பல்லு தெரியுது. அந்த ஷட்டர் டீச்சரக் கூட்டிட்டு வாரும்."

அந்தப் பெயரை மீன்காரம்மாவிடம் யார் சொன்னது என்று என்னைப் பார்த்தாலே தெரியும்.

அக்கா வந்தார். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். இந்த முறை புதுத் தாள், புதுக் கதை, அந்தப் பெண் பார்த்திராதது. மீன்காரம்மா அதே முக்காலியில், அதே இடத்தில். சுளகுக்கு அவசியமே இல்லாமல் என்னை வேலிக்கு வெளியே அனுப்பினார்கள், கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி. துணைக்கு அக்காவின் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"முக்கியமான நேரத்துல அக்கா மொகத்தப் பாக்க முடியாமப் போச்சே அண்ணே."

"பாத்தாலும் ஒண்ணும் தெரியாது தம்பி. அனுபவத்துல சொல்லுதேன்."

உள்ளே குரல் கேட்டது. மெதுவாக, ஓடத்தைத் தள்ளுவதுபோல ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு. மழை நின்றதும் ஒரு தவளை வெளியே வருகிற கதை. தவளை வந்தது. சுற்றிப் பார்த்தது. அப்புறம் குரல் நின்றுவிட்டது. ஏதோ நீளமான சொல். நான் கடலைப் பார்த்து வாயைப் பலவிதமாக அசைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது. கடல் பாட்டுக்கு என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் என் தோளில் கையை வைத்தார்.

"கு... குளக்... குளக்கரையில்" என்றது உள்ளே குரல். பிறகு நிற்கவில்லை. தவளை குளத்துக்குள் குதிக்கும்வரை போனாள்.

"சரி" என்றார் அக்கா. காது கொடுத்துக் கேட்டேன். வழக்கமான சரிதான்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எறா கம்பெனியா, ஒன்பதாம் வகுப்பா என்று அந்த அமைதிக்குள் யாரோ முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அலை வந்துவிட்டுப் போனது. மறுபடி வந்தது.

"ஏளா" என்றது மீன்காரம்மாவின் குரல், கொஞ்சம் கரகரப்பாக. "குசினில சோறு எடுத்து வையி. டீச்சர் சாப்ட்டுட்டுத்தான் போவாவ. வெளிய ரெண்டு பேரு காஞ்சிக்கிட்டு நிக்காவ, அவியளயும் கூப்புடு. நாளைக்கிப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளனப் போவணும், ஒம்போதாங்கிளாஸுல பேரு போட."

சீலாக் குழம்பு. சாளை இல்லை. நானும் வீட்டுக்காரரும் குனிந்த தலை நிமிரவில்லை. அக்கா சாப்பிட்ட முகத்தில், குழம்பு எப்படி இருந்தது என்றுகூட யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மீன்காரம்மா மட்டும் கேட்காமலே அவர் இலையில் இன்னொரு துண்டம் வைத்தார். அக்கா அதைத் தடுக்கவில்லை. கிளம்பும்போது வீட்டுக்காரர் நீட்டிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். ஷட்டருக்கு மேல் ஷட்டர். பைக் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு மண்டை வெடித்தது. மீன்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"யம்மா, உண்மையச் சொல்லுங்க. பிள்ள வாசிச்சு முடிச்சதும் அக்கா மொகத்துல என்ன தெரிஞ்சுது? சிரிச்சாவளா?"

மீன்காரம்மா ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். "ஏலத்துல பாத்த மொகத்த வெளிய சொன்னா தொழில் நெலைக்குமா வாத்தியாரே? போம்."

அவரை அசைக்க முடியாது. குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"ஏளா, நீயாவது சொல்லு. டீச்சர் மொகம் எப்படி இருந்துச்சு?"

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியல சார்" என்றாள். "நான் தாளத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."